வெளிநாட்டில் டிசைன் படிப்பும் அங்கே கிடைக்கும் நட்பும்: வடசென்னைப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

எனக்குச் சொந்த இடம் பழைய வண்ணாரப்பேட்டை. அப்பா எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் 25 வருடம் துணி கிழித்துக் கொடுத்தவர். நான் ஜெர்மனியில் டெஸ்ஸாவ் என்ற சின்ன நகரத்தில் டிசைன் முதுகலை படித்தேன். திரும்பி வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மொட்டை மாடியில் ஏரியா பிள்ளைகளுக்கு போர்ட்ஃபோலியோ, அதாவது டிசைன் கல்லூரிக்குக் காட்ட வேண்டிய வேலைகளின் தொகுப்பு, தயார் செய்யச் சொல்லித் தருகிறேன். கோர்ஸ், விசா, லோன் பற்றிய கேள்வியெல்லாம் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். அதற்கு அப்புறம், எல்லோரும் இறங்கிப் போனபின் படிக்கட்டில் தயங்கி நின்று கேட்கிற கேள்விகள்தான் இங்கே இருக்கின்றன.

அக்கா, அங்கே நமக்கு ஃப்ரெண்ட்ஸ் கிடைப்பாங்களா?

கிடைப்பார்கள். டிசைன் படித்தால் கொஞ்சம் சீக்கிரமே கிடைப்பார்கள் என்று தைரியமாகச் சொல்வேன்.

காரணம் படிப்பு நடக்கிற விதம். லெக்சர் ஹாலில் வரிசையாக உட்கார்ந்து குறிப்பெடுத்துவிட்டு ரூமுக்குப் போகிற படிப்பு இல்லை இது. ஸ்டுடியோவில் பெரிய மேசை. ஒரே மேசையில் ஐந்து நாட்டுக்காரர்கள். ஒருவரிடம் நல்ல கட்டர் இருக்கும், இன்னொருவரிடம் கட்டிங் மேட் இருக்கும், உங்களிடம் கம் தீர்ந்திருக்கும். கேட்காமல் வேலை நடக்காது. முதல் வாரம் நான் பேசிய வார்த்தைகளில் பாதி "இதை எடுத்துக்கலாமா?" தான். ராத்திரி இரண்டு மணிக்கு, காலையில் காட்ட வேண்டிய அட்டை மாடல் சரிந்து விழும்போது, எதிரில் இருப்பவர் வந்து கையால் தாங்கிப் பிடித்தே ஆக வேண்டும். அந்தக் கை எந்த நாட்டுக் கை என்று பார்க்க நேரம் இருக்காது.

இந்த ஏற்பாடு பழையது. டெஸ்ஸாவில் 1926-ல் திறந்த பௌஹவுஸ் என்ற டிசைன் பள்ளியின் கட்டடத்தைப் போய்ப் பார்த்தால் தெரியும். அதன் கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ் பட்டறையையும் நாடக மேடையையும் சாப்பாட்டுக் கூடத்தையும் 28 அறைகள் கொண்ட மாணவர் விடுதியையும் ஒன்றோடொன்று ஒட்டியே கட்டினார். வேலை செய்கிறவர்கள் ஒன்றாகச் சாப்பிட வேண்டும், ஒன்றாக ஆட வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழி. 1930-ல் ஜப்பானிலிருந்து இவாவோ யமவாக்கி, மிச்சிகோ யமவாக்கி என்ற தம்பதி அங்கே படிக்க வந்தார்கள். மிச்சிகோ நெசவுப் பட்டறையில் சேர்ந்தார். 1932-ல் நாஜிகள் டெஸ்ஸாவ் பள்ளியை மூட வைத்தபோது, சீருடைக்காரர்கள் அந்தக் கட்டடத்தின் மேல் மிதித்து நடப்பதுபோல ஓர் ஒட்டுப்படம் செய்தவர் இவாவோ. இரண்டு வருடம் படிக்க வந்த ஜப்பானியருக்கு அந்த இடம் அவ்வளவு சொந்தமாகி இருந்தது.

எல்லோர் முன்னாடியும் வேலையைக் காட்டணுமாமே? திட்டுவாங்களா?

அதற்கு கிரிட் என்று பெயர். அரைகுறையாக இருக்கும் வேலையைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆசிரியரும் கூடப் படிப்பவர்களும் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் முதல் கிரிட்டில் ஒரு ஜெர்மன் பையன் எழுந்து, "இது வேலைக்கு ஆகல. எழுத்து படிக்கவே முடியல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ஊரில் அப்படி யாரும் சொல்வதில்லை. "நல்லாதான் இருக்கு, கொஞ்சம் அந்த எழுத்தை மட்டும்..." என்று இழுப்போம், கேட்பவர் புரிந்துகொள்வார். மதியம் அதே பையன் கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்து, படிக்க வசதியான மூன்று எழுத்துருக்களைத் தன் நோட்டில் வரைந்து காட்டினான். வேலையைச் சொன்னான், என்னைச் சொல்லவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்கு நேர்மாறு ஜப்பானிலிருந்து வந்த எங்கள் கியோட்டோத் தோழி. கிரிட்டில் வாயே திறக்க மாட்டாள். இரண்டு நாள் கழித்து மேசையில் ஒரு சின்னச் சீட்டு இருக்கும், மூன்று வரி, அத்தனையும் தேவையான வரி.

ஆறு மாதத்தில் ஒருவர் எப்படிப் பாராட்டுகிறார், எப்படி மறுக்கிறார், எப்போது மௌனமாக இருந்தால் கோபம், எப்போது யோசனை என்று பழகிவிடும். ஒருவரோடு சேர்ந்து வேலை செய்தால்தான் இது தெரியவரும். அரட்டை அடித்து மட்டும் தெரிந்துகொண்டவர்களை நான் பார்த்ததில்லை.

என் இங்கிலீஷ் சரியா வராது. பேசினா சிரிப்பாங்களோ?

எங்கள் வகுப்பில் இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் தடுமாறினோம். தடுமாறும் இடத்தில் பென்சில் எடுத்து வரைந்தோம். ஐ.ஈ.எல்.டி.எஸ். மதிப்பெண் வாங்கத்தான் வேண்டும், அதற்குப் படியுங்கள். ஆனால் நட்புக்கு உச்சரிப்பு தடையாக இருந்து நான் பார்க்கவில்லை. வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குத்தான் நேரம் பிடித்தது.

வண்ணாரப்பேட்டை, காசிமேடுன்னு சொன்னா அவங்களுக்கு என்ன தெரியப் போகுது? சென்னைன்னு சொன்னா போதாதா?

இதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். நானும் முதல் நான்கு மாதம் "சென்னை, தென்னிந்தியா" என்று மட்டும்தான் சொன்னேன். இங்கேயே அண்ணா நகர், அடையாறுக்காரர்களிடம் ஏரியா பெயரைச் சொல்லி முகம் மாறுவதைப் பார்த்து வளர்ந்தவள், அங்கேயும் பழக்கம் விடவில்லை.

இரண்டாம் செமஸ்டரில் துணி பற்றி ஒரு புராஜெக்ட். வீட்டிலிருந்து ஒரு துணி கொண்டுவாருங்கள் என்றார் ஆசிரியர். பட்டு எதுவும் என்னிடம் இல்லை. இருந்தது தாத்தாவின் பழைய கட்டம் போட்ட லுங்கி. பெட்டியில் பாத்திரம் உடையாமல் இருக்க அம்மா சுற்றிக் கொடுத்தது. வேறு வழியில்லாமல் அதை மேசையில் விரித்தேன்.

போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து வந்த நைஜீரியத் தோழி சட்டென்று எழுந்து வந்து துணியைத் தடவினாள். "இன்ஜிரி! இது எங்கள் பாட்டி வீட்டுத் துணி. உனக்கு எப்படிக் கிடைத்தது?" என்றாள். நான் முழித்தேன்.

அவள் கலபாரி இனத்தைச் சேர்ந்தவள். நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் அந்த மக்களுக்கு மெட்ராஸ் கட்டத்துணி குடும்பச் சொத்து. பெட்டியில் பூட்டி வைப்பார்கள், சடங்குக்கு எடுப்பார்கள், பெரியவர்கள் இறந்தால் கிடத்தும் கட்டிலை அந்தத் துணியால் அலங்கரிப்பார்கள். இன்ஜிரி என்பது அவர்கள் வைத்த பெயர். சென்னையைச் சுற்றியும் ஆந்திரக் கடற்கரையிலும் கைத்தறியில் நெய்து, ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப் என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன சரக்கு அது. என் தாத்தாவின் லுங்கி அதே ரகம் இல்லை, ஆனால் அதே குடும்பம். அவர்கள் அந்தத் துணியை வாங்கி அப்படியே உடுத்துவதோடு நிற்பதில்லை. பெண்கள் ஊசியால் நூலைத் தூக்கி, பிளேடால் வெட்டி, ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள். கட்டம் போய் வலை போன்ற புது வேலைப்பாடு வரும். அதற்குப் பெலெட்டே பிட்டே என்று பெயர். நாம் நூலைச் சேர்த்துத் துணி ஆக்குகிறோம், அவர்கள் நூலை எடுத்து அதே துணியை இன்னொன்றாக்குகிறார்கள்.

அப்போதுதான் நான் வண்ணாரப்பேட்டை என்ற பெயரையே வாய்விட்டுச் சொன்னேன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் கப்பலேறும் துணிகளைத் துவைத்து வெளுத்தவர்கள் குடியிருந்த இடம், அதனால்தான் அந்தப் பெயர் என்று விளக்கினேன். "அப்போ என் பாட்டியின் துணியை உன் தெருக்காரர்கள் வெளுத்திருக்கலாம்" என்றாள். அந்த செமஸ்டர் முழுக்க இரண்டு பேரும் சேர்ந்தே வேலை செய்தோம். எம்.சி. ரோட்டிலிருந்து அப்பா பார்சலில் கட்டத்துணி அனுப்பினார், அவள் எனக்கு நூல் உருவக் கற்றுக்கொடுத்தாள். விரல் நுனி முழுக்க பிளேடு வெட்டு.

ஆகவே தம்பி, தங்கச்சிகளே, ஏரியா பெயரைச் சொல்லுங்கள். யார் வீட்டுப் பெட்டியில் நம் தெரு இருக்கிறது என்று சொல்லாமல் தெரியாது.

கருவாடு கொடுத்து அனுப்பலாமா? (இதைக் கேட்காத அம்மா இல்லை)

அனுப்பலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை, ஆனால் சொந்தச் சாப்பாட்டுக்கு மீன் 20 கிலோ வரை அனுமதி உண்டு. பால்கோவா போகாது, நெத்திலிக் கருவாடு போகும். நல்ல டப்பாவில் போட்டு மேலே இரண்டு கவர் கட்டுங்கள்.

வாசனைதான் பிரச்சினை. விடுதியின் பொதுச் சமையலறையில் நான் முதல்முறை கருவாடு வறுத்த அன்று ஜன்னல் எல்லாம் திறக்கப்பட்டது, ஒரு பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியேறினாள். அவமானமாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் மேல்மாடியிலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். பர்மாவின் யாங்கோனிலிருந்து வந்தவள், வாசனை பிடித்தே வந்திருக்கிறாள். தட்டைக் கழுவிக்கொண்டு நின்ற விதத்தில் பசி தெரிந்தது.

அவளிடம் எங்கள் ஊர் அத்தோ பற்றிச் சொன்னேன். பீச் ஸ்டேஷன் பக்கம், இரண்டாவது கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிக்கடை வரிசையில் நூடுல்ஸைக் கையால் பிசைந்து கொடுப்பார்கள், கூட வாழைத்தண்டு சூப், வறுத்த வெங்காயம் அடைத்த முட்டை. பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபின் கப்பலேறித் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. அவள் சிரித்துக்கொண்டே திருத்தினாள்: அதோக் என்றால் பர்மிய மொழியில் பிசைந்தது. அந்த சூப் அவர்கள் காலையில் குடிக்கும் மொஹிங்காவின் தம்பி. அடுத்த சனிக்கிழமை அவள் பிசைந்தாள், நான் மிளகாய் அரைத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு போன பெண்ணையும் கூப்பிட்டோம், வந்தாள், இரண்டு தட்டு சாப்பிட்டாள். கருவாடு வறுப்பதை மட்டும் அதன்பின் ஞாயிறு மதியம், எல்லோரும் வெளியே போன நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். பொதுச் சமையலறையில் அந்த மரியாதை வேண்டும்.

ஜெர்மன்காரங்க நம்மகிட்ட நெருங்கிப் பழகுவாங்களா?

நேரம் எடுக்கும். அவர்கள் மொழியில் தெரிந்தவருக்கு ஒரு சொல், நண்பருக்கு வேறு சொல். ஒரு வருடம் ஒன்றாகப் படித்தாலும் தெரிந்தவர் என்றே சொல்வார்கள், அதில் அவமதிப்பு இல்லை. நண்பர் என்று சொல்லிவிட்டால் வீடு மாற்றும்போது மூட்டை தூக்க வருவார்கள். நமக்கு நீ, நீங்க இருப்பதுபோல அவர்களுக்கும் டு, ஸீ உண்டு. நீங்க-வில் இருந்து நீ-க்கு மாறலாம் என்று பெரியவர்தான் முதலில் சொல்ல வேண்டும். இது நமக்குப் புரியாத விஷயமே இல்லை.

எனக்கு வழி திறந்தது கேரம் போர்டு. மரப் பட்டறையில் விருப்பப்பட்ட பொருள் ஒன்று செய்யச் சொன்னார்கள். 74 சென்டிமீட்டர் ஆடுதளம், பிர்ச் பிளைவுட், நான்கு மூலையில் 4.45 சென்டிமீட்டர் குழி. எளிது என்று நினைத்தேன். பரப்பு மயிரிழை வளைந்தாலும் காயின் ஓடாது. பட்டறைக்குப் பொறுப்பான மேஸ்திரி, அறுபது வயதுக்காரர், அதுவரை என்னிடம் வணக்கத்துக்கு மேல் பேசாதவர், அந்தச் சமதளப் பிரச்சினையில் மூழ்கிவிட்டார். மூன்று வாரம் இழைத்தோம். போரிக் பவுடர் இல்லை, உருளைக்கிழங்கு மாவு போட்டோம், நன்றாகவே ஓடியது.

போர்டைக் கேன்டீனில் வைத்தேன். மேலே ஒரு பல்பைத் தாழ்வாகக் கட்டித் தொங்கவிட்டேன், நம் கிளப்புகளில் இருப்பதுபோல. ரெட் போட்டால் ஃபாலோ போடணும், ஸ்ட்ரைக்கர் விழுந்தால் மைனஸ், அவ்வளவுதான் விதி. ஒரு மாதத்தில் ஜெர்மன், ஈரான், மெக்சிகோ எல்லா நாட்டு வாயிலும் "ஃபாலோ" வந்துவிட்டது. மரியா இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன், எங்கள் சென்னைக்காரர் என்று பெருமையாகச் சொன்னேன். 2024-ல் நம் புது வண்ணாரப்பேட்டைப் பெண் காஸிமா அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றபோது, முதல் வாழ்த்து எனக்கு அந்த மேஸ்திரியிடமிருந்துதான் வந்தது.

தமிழ் ஆட்கள் இருப்பாங்கல்ல? அவங்களோட இருந்தா போதாதா?

காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துத் தருபவர்கள் அவர்கள். அந்த உறவு கண்டிப்பாக வேண்டும். ஆனால் மூன்று வேளையும், வார இறுதியும் அவர்களோடு மட்டும் என்றால் அதற்கு இவ்வளவு கடன் வாங்கிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. நான் வாரத்தில் ஒரு நாள் லைப்ஸிக் நகரத்துக்குப் போய்த் தமிழில் பேசித் தீர்த்துவிட்டு வருவேன்.

நிறம் பார்ப்பாங்களா? தனிமையா இருக்குமா?

இரண்டும் உண்டு. மறைக்க மாட்டேன்.

வீடு தேடும்போது ஈமெயிலில் சரி என்றவர், நேரில் என்னைப் பார்த்ததும் ஆள் வந்தாச்சு என்றார். மறுநாள் கூடப் படித்த லைப்ஸிக் பெண் போன் செய்து கேட்டாள். வீடு காலி. என்னைவிட அவள் அதிகம் அழுதாள். அடுத்த மூன்று வீட்டுக்கு அவளும் கூடவே வந்தாள். மூன்றாவது அமைந்தது.

தனிமைக்குக் காரணம் பெரும்பாலும் டிசம்பர். சாயந்தரம் நான்கு மணிக்கு இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, தெருவில் சத்தம் கிடையாது. நம் தெருவின் ஹாரனும் குழாயடிச் சண்டையும் எவ்வளவு பெரிய துணை என்று அப்போது தெரியும். அந்த நாட்களில் ரூமில் இருக்காமல் ஸ்டுடியோவுக்குப் போய்விடுங்கள். வேலை இல்லாவிட்டாலும் போங்கள். இன்னொருத்தரும் அப்படித்தான் வந்து உட்கார்ந்திருப்பார்.

பணம்?

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை மட்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் வெளிநாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. பெரிய சுமை முடக்கக் கணக்கு. 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். அது உங்கள் பணம்தான், மாதம் 992 யூரோவாகத் திரும்பக் கிடைக்கும். வருடத்தில் 140 முழு நாள் வேலை பார்க்கலாம். நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள், அதற்கு நாளாகும். தனியார் கல்லூரிகளின் கணக்கு வேறு. ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இங்கேயே அகமதாபாத்ல படிச்சா இதெல்லாம் கிடைக்காதா?

அகமதாபாத்தில் இருக்கும் தேசிய வடிவமைப்புக் கழகம் (என்.ஐ.டி.) அருமையான இடம். இடம் கிடைத்தால் போங்கள். குஜராத்தி, மணிப்பூரி, மலையாளி என்று அங்கேயும் மேசையைப் பகிர வேண்டும். 1961-ல் அது தொடங்கியதற்கே ஒரு வெளிநாட்டுத் தம்பதியின் அறிக்கை காரணம். அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இருவரும் இந்தியா முழுக்கச் சுற்றி 1958-ல் எழுதினார்கள். அவர்கள் பார்த்ததிலேயே மிகவும் வியந்த பொருள் நம் வீட்டுச் சொம்பு. எவ்வளவு நீர் பிடிக்கும், இடுப்பிலும் தலையிலும் எப்படி உட்காரும், ஊற்றும்போது கையில் எப்படி நிற்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். தினமும் தண்ணீர் மொள்ளும் நாம் அதைக் கேட்டதில்லை. என் லுங்கிக்கும் அதுதான் நடந்தது.

பொம்பளப் பிள்ளையைத் தனியா அனுப்பறோம். பார்ட்டி, குடின்னு கூட்டத்தோட சேர்ந்துடுவாளோ?

பார்ட்டி உண்டு. நான் ஜூஸ் குடித்துக்கொண்டு ஆடினேன், யாரும் வற்புறுத்தவில்லை. ஒருமுறை வேண்டாம் என்றால் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். அம்மா, ராத்திரி பட்டறையிலிருந்து திரும்பும்போது என்னை ரூம் வாசல் வரை விட்டுவிட்டுப் போனவர்களில் பையன்களும் உண்டு. உங்கள் பெண்ணை நம்புங்கள். தினமும் வீடியோ கால் கேட்காமல் வாரம் இரண்டு முறை கேளுங்கள், அவள் மனம் விட்டுப் பேசுவாள்.

படிப்பு முடிஞ்சதும் எல்லாரும் பிரிஞ்சிடுவாங்களே. அப்புறம் நட்பு இருக்குமா?

சிலது போய்விடும். கியோட்டோத் தோழியிடமிருந்து வருடத்துக்கு ஒரு தபால் அட்டை வரும், மூன்று வரி. யாங்கோன் தோழி இப்போது எங்கே இருக்கிறாள் என்றே சில மாதம் தெரியாமல் தவித்தேன். 2021-ல் அவள் நாட்டில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்ததும் தொடர்பு அறுந்தது. பிறகு தாய்லாந்திலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது, அன்று வேலைக்குப் போகவில்லை.

போர்ட் ஹார்கோர்ட் தோழி போன மார்கழியில் வந்தாள். பெட்டியை வைத்ததும் எம்.சி. ரோடு போக வேண்டும் என்றாள். அப்பா பழைய கடைக்குக் கூட்டிப் போனார். அவர் மீட்டரை எடுத்துத் துணி அளப்பதை வீடியோ எடுத்துக்கொண்டாள், கட்டத்துணியில் எட்டு ரகம் வாங்கினாள். மறுநாள் மதியம் நான் வேலை முடிந்து வந்தபோது அம்மாவும் அவளும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் ஒரு கட்டத்துணி. அவள் ஊசியால் நூலைத் தூக்கிக் கொடுக்க, அம்மா பிளேடால் வெட்டிக்கொண்டிருந்தார். பாய் முழுக்க உருவிய வெள்ளை நூல். நான் வந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.